பைக் ஏர் சஸ்பென்ஷன்: ஃபிட்டிங்கில் கசியும் காற்றைப் பிடித்து அடைக்கும் வழி

இரவு நிமிர்ந்து நின்ற வண்டி காலையில் பின்பக்கம் படுத்துக் கிடந்தால், உடனே புது ஷாக் விலையை விசாரிக்கப் போக வேண்டாம். ஏர் சஸ்பென்ஷனில் காற்று போகும் இடங்கள் பெரும்பாலும் மூன்றுதான்: டியூப் ஃபிட்டிங்குக்குள் நுழையும் முனை, ஃபிட்டிங்கின் மரை, காற்று அடிக்கும் வால்வின் உள்ளே இருக்கும் பின். மூன்றுமே சில்லறைக் காசில் தீரும் வேலை. ஆனால் எங்கே கசிகிறது என்று பார்க்காமலே ஸ்பேனரை எடுத்து எல்லா ஃபிட்டிங்கையும் ஒரு சுற்று இறுக்கினால் சின்னக் கசிவு பெரிய செலவாகிவிடும். அழுத்திச் செருகும் ஃபிட்டிங்கில் காற்றைத் தடுப்பது உள்ளே இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். வெளியே இறுக்குவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கூம்பு மரையை மேலும் மேலும் இறுக்கினால் வால்வுகளைத் தாங்கும் அலுமினியக் கட்டையான வால்வு பிளாக் விரிசல் விடும்.

எந்த வகை வண்டி என்பதைப் பொறுத்து வேலை மாறும். ஹார்லி-டேவிட்சனின் டூரிங் வண்டிகளில் 2016 வரை பின் ஷாக்கில் காற்று அடிக்கும் வசதி இருந்தது. 2017-ல் அதை எடுத்துவிட்டு, ஸ்பிரிங்கின் ஆரம்ப அழுத்தத்தைக் கையால் திருகி மாற்றும் ப்ரீலோடு வசதி கொடுத்தார்கள். இந்தப் பழைய அமைப்பில் கம்ப்ரசர் கிடையாது. ஒரே ஒரு வால்வு, அங்கிருந்து மூன்று வாயுள்ள ஒரு டி (T) இணைப்பு, அதிலிருந்து இரண்டு ஷாக்குக்கும் மெல்லிய டியூப். ஷாக்குக்குள் இரும்பு ஸ்பிரிங்கும் இருக்கும். காற்று அதற்குத் துணை மட்டுமே. வெளியில் வாங்கி மாட்டும் ஏர் ரைடு கிட் வேறு ரகம். அதில் கம்ப்ரசர், மின்சாரத்தால் திறந்து மூடும் சோலனாய்டு வால்வு, ஸ்விட்ச் எல்லாம் உண்டு, வண்டியின் எடையைக் காற்றே தாங்கும். ஃபிட்டிங்குகள் அதிகம் என்பதால் கசிய வாய்ப்புள்ள இடங்களும் அதிகம்.

முதலில், கசிவு உண்மைதானா?

இல்லாத கசிவைத் தேடி நாள் முழுக்க வீணாக்குகிறவர்கள் நிறையப் பேர். காரணம் காற்றழுத்தம் பார்க்கும் கேஜ். ஹார்லி ஷாக்குக்குள் இருக்கும் காற்றின் கொள்ளளவு மிகக் குறைவு. டயருக்கு வைக்கும் சாதாரண கேஜை வால்வில் வைத்து எடுத்தாலே பல பிஎஸ்ஐ போய்விடும். நேற்று 30 அடித்தோம், இன்று 22 காட்டுகிறது என்றால், அந்த எட்டும் கேஜை வைத்து எடுத்ததிலேயே போயிருக்கலாம். இதற்கென்றே கேஜோடு சேர்ந்த கை பம்ப் கிடைக்கிறது. கழற்றும்போது முதலில் வால்வு பின்னை மூடவிட்டு, பிறகு வால்வை விட்டு வரும் வகை அது. அதையே வாங்குங்கள். மவுன்டன் சைக்கிள் ஷாக்குக்கு விற்கும் நல்ல பம்பும் இந்த வேலைக்கு உதவும்.

பஞ்சர் கடை கம்ப்ரசரைப் பக்கத்திலேயே விடாதீர்கள். அவ்வளவு சின்ன இடத்துக்குள் அந்த வேகத்தில் காற்று போனால் ஒரு நொடியில் அளவு மீறிப்போய் ஷாக்கின் சீல் கெடும். ஹார்லி ஷாக்குக்கு உச்ச வரம்பு உண்டு. அது வண்டிக் கையேட்டில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, கை பம்பில் மெதுவாக அடியுங்கள்.

இன்னொன்று வெப்பநிலை. மாலை 35 டிகிரியில் 100 பிஎஸ்ஐ காட்டிய கிட், விடியற்காலை 25 டிகிரிக்கு இறங்கினால், ஒரு பொட்டுக் காற்றுகூட வெளியேறாமலே 96 காட்டும். 40 பிஎஸ்ஐ என்றால் சுமார் 38. இந்த அளவு இறக்கத்தைக் கசிவுக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஓடிவந்த சூட்டில் அடித்துவிட்டு ஆறிய பிறகு பார்த்தால் வித்தியாசம் இன்னும் கூடும். ஆறிய வண்டியில் அடித்து, மறுநாள் அதே நேரத்தில் பாருங்கள். அப்போதும் குறைந்திருந்தால் அது உண்மையான கசிவு.

கசியும் இடத்தைப் பிடிப்பது

சைடு பாக்ஸையும் சீட்டையும் கழற்றுங்கள். காற்றை வண்டிக்கு அனுமதித்த அளவுக்கு அடியுங்கள். குறைந்த அழுத்தத்தில் சின்னக் கசிவு தெரியாது. பாத்திரம் கழுவும் லிக்விடில் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து ஸ்பிரே பாட்டிலில் ஊற்றுங்கள். குலுக்க வேண்டாம். நுரையோடு அடித்தால் எது கசிவு, எது உங்கள் நுரை என்றே தெரியாது. சன்னமாக நனைத்துவிட்டு ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடமாவது நின்று பாருங்கள். பெரிய கசிவு குமிழாக வெடிக்கும். இரவெல்லாம் இறக்குகிற சின்னக் கசிவு அப்படி வராது; வெள்ளையாக, பொடி நுரையாக மெல்லச் சேரும். அவசரக்காரர் கண்ணில் அது படாது. பிரேக் டிஸ்க்கிலும் பேடிலும் சோப்புத் தண்ணீர் படாமல் துணி போட்டு மூடுங்கள்.

எதையும் தொடாமல் ஒரு முறை பார்த்த பிறகு, டியூபை ஃபிட்டிங் அருகில் விரலால் பக்கவாட்டில் லேசாக அசைத்து மறுபடி பாருங்கள். நேராக இருக்கும்போது அடங்கி, அசைத்தால் குமிழ் விடும் ஃபிட்டிங்தான் ஓடும்போது மட்டும் காற்றை விடும் கள்ளன். நிறுத்தி வைத்தால் இறங்குவதில்லை, நூறு கிலோமீட்டர் ஓடினால் இறங்கிவிடுகிறது என்று சொல்லப்படும் வண்டிகளில் பலவற்றுக்கும் இதுதான் விஷயம்.

வால்வின் வாயில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். குமிழ் எழும்பினால் பின் சரியில்லை. வால்வு பின் சாவியால் முதலில் சற்றே இறுக்குங்கள். விரல் பலம் போதும். நிற்கவில்லை என்றால் காற்றை முழுவதும் விட்டுவிட்டுப் புதுப் பின் போடுங்கள். மூடி காற்றைத் தடுக்கும் பாகம் அல்ல என்றாலும், உள்ளே ரப்பர் வைத்த மூடியே போடுங்கள். மண் போய்ப் பின்னில் உட்காராது.

ஷாக்கின் தண்டைச் சுற்றி எண்ணெய் ஈரமும், அங்கேயே குமிழும் இருந்தால் மட்டுமே ஷாக்கின் சீல் போய்விட்டது என்று பொருள். அதை ஃபிட்டிங் வேலையால் சரிசெய்ய முடியாது.

கழற்றும் முன்

கிட் போட்ட வண்டியில் காற்று போனதும் பின்பக்கம் அப்படியே இறங்கும். ஃப்ரேமுக்கு அடியில் ஜாக் கொடுத்து எடையைத் தாங்கிய பிறகே காற்றை விடுங்கள். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கை இருக்கவே கூடாது. அழுத்தம் இருக்கும்போது டியூபைப் பிடுங்காதீர்கள். வராது, வந்தால் முகத்தில் அடிக்கும். ஹார்லியில் காற்றை விடும்போது எண்ணெயும் ஈரமும் சேர்ந்து புகைபோல வரும். வால்வின் மேல் துணியைப் போர்த்தி, மெதுவாக அழுத்தி விடுங்கள். அது டயரிலோ பிரேக்கிலோ பட்டால் அடுத்த வளைவில் வழுக்கும். கொஞ்சம் எண்ணெய் வருவதைப் பார்த்து ஷாக் போய்விட்டது என்று பயப்பட வேண்டியதில்லை.

அழுத்திச் செருகும் ஃபிட்டிங்

வெளியே தெரியும் வளையம் காலர். அதற்குள் டியூபைக் கவ்வும் எஃகுப் பற்கள், அதற்கும் உள்ளே ஓ-ரிங், கடைசியில் டியூப் முட்டி நிற்கும் விளிம்பு. டியூபை எடுக்க, முதலில் அதைச் சற்று உள்ளே தள்ளுங்கள். பிறகு காலரை எல்லாப் பக்கமும் சமமாக ஃபிட்டிங்கை நோக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டு டியூபை நேராக இழுங்கள். இடுக்கான இடத்தில் விரல் நுழையாது. சின்ன ஓப்பன் ஸ்பேனரின் வாயை டியூபின் இரு பக்கமும் வைத்துக் காலரை அழுத்தலாம். ஒரு பக்கம் மட்டும் ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் காலர் கோணி, பற்கள் டியூபை உழுதுவிடும்.

எடுத்த டியூபின் முனையை வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். குறுக்கே வட்டமாகப் பல் தடம் இருப்பது இயல்பு. நீளவாக்கில் ஓடும் கீறல்தான் குற்றவாளி. ஓ-ரிங் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதன் அடியில் அந்தக் கீறல் வாய்க்கால்போல் காற்றைக் கடத்திவிடும். கீறல் முடியும் இடத்துக்கு அப்பால், முனையிலிருந்து 12 முதல் 15 மி.மீ. வெட்டி எறியுங்கள். டியூபில் அவ்வளவு தளர்ச்சி இல்லை என்றால் இழுத்துப்பிடித்து மாட்டாதீர்கள், முழு டியூபையே மாற்றுங்கள்.

வெட்டுவதற்கு டியூப் கட்டர் வாங்குங்கள். நியூமாட்டிக் கடைகளில் கிடைக்கும். இல்லையென்றால் புது பிளேடு. கட்டிங் பிளையரால் நறுக்கினால் டியூப் நசுங்கி முட்டை வடிவமாகும், ஓ-ரிங் இரண்டு பக்கம்தான் தொடும். வெட்டு செங்குத்தாக இருக்க வேண்டும். பிறகு விளிம்பின் பிசிறை நகத்தாலோ பிளேடாலோ நீக்குங்கள். உப்புத்தாள் வேண்டாம், டியூபின் மேற்பரப்பையே சொரசொரப்பாக்கிவிடும்.

மாட்டும்போது இரண்டு முறை தடை தெரியும். முதல் தடை ஓ-ரிங். பலரும் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், பற்கள் கவ்வியிருப்பதால் இழுத்தாலும் வராது, எல்லாம் சரி என்றே தோன்றும். அதையும் தாண்டி அழுத்தினால் டியூப் உள் விளிம்பில் போய் முட்டும். இதற்கு எளிய வழி, செருகும் ஆழத்தை முன்பே டியூபில் பேனாவால் குறித்துக்கொள்வது. அதே ரக காலி ஃபிட்டிங் ஒன்றில் டியூபை அடிவரை விட்டு, காலரின் விளிம்பில் கோடு போடுங்கள். வண்டியில் மாட்டிய பிறகு அந்தக் கோடு காலரோடு ஒட்டி நிற்க வேண்டும். பிறகு ஒரு முறை பின்னால் இழுத்துப் பாருங்கள். பற்கள் கவ்வுவது கையில் தெரியும்.

நல்ல முனையை அடிவரை செருகியும் கசிந்தால் ஓ-ரிங் கிழிந்திருக்கும். பிசிறுள்ள டியூபை முன்பு யாரோ செருகியதன் விளைவு அது. இந்த வகை ஃபிட்டிங்குகளில் பெரும்பாலானவற்றைப் பிரித்து ஓ-ரிங் மட்டும் மாற்ற முடியாது; ஃபிட்டிங்கையே மாற்றுங்கள். கார்புரேட்டர் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்யப் போனால் நல்ல ஓ-ரிங்கும் உப்பிப் போகும்.

6 மி.மீ. வேறு, கால் அங்குலம் வேறு

நம் ஊரில் இந்த வேலை கெடுவதற்கு முதல் காரணம் இது. அமெரிக்க கிட்டுகள் அங்குல அளவில் வரும்; பலவற்றிலும் டியூப் 1/4 அங்குலம், அதாவது 6.35 மி.மீ. சென்னையிலோ கோவையிலோ நியூமாட்டிக் கடையில் கேட்டால் 6 மி.மீ. டியூபை எடுத்துத் தருவார்கள். அது கால் அங்குல ஃபிட்டிங்குக்குள் போகும், பற்களும் பிடிக்கும், ஆனால் ஓ-ரிங்கோடு சரியாகப் பொருந்தாது. அன்று நிற்கும், ஒரு வாரத்தில் கசியும். மாறாக 5/32 அங்குலமும் 4 மி.மீ.யும், 5/16 அங்குலமும் 8 மி.மீ.யும் கிட்டத்தட்ட ஒரே அளவு என்பதால் ஒன்றுக்கொன்று போடலாம். 1/4-க்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. கடைக்குப் போகும்போது பழைய டியூபில் ஒரு துண்டையும் வெர்னியரையும் கொண்டு போங்கள். அங்குல டியூப் கிடைக்கவில்லை என்றால், டியூபையும் இரு முனை ஃபிட்டிங்கையும் சேர்த்து 6 மி.மீ.க்கு மாற்றிவிடுவதே நேர்மையான வழி.

பொருளையும் கவனியுங்கள். ஆலை இயந்திரங்களுக்கு விற்கும் நீல நிற பாலியூரித்தேன் டியூப் மெத்தென்று வளையும், ஆனால் அதிகச் சூட்டைத் தாங்காது. லாரி ஏர் பிரேக்குக்கான எஸ்ஏஇ ஜே844 தர நைலான் டியூப் 93 டிகிரி வரை தாங்கும். பைக்குக்கு அதுவே பொருத்தம். ஃபிட்டிங்கிலும் பிளாஸ்டிக் உடலைவிடப் பித்தளை உடலே அதிர்வுக்கும் சூட்டுக்கும் நிற்கும். ஏர் பிரேக் ரகப் பித்தளை ஃபிட்டிங்குகளில் டியூபின் உட்புறத்தைத் தாங்கும் சின்னக் குழல் ஒன்றும் இருக்கும். சூட்டில் டியூப் தளர்ந்தாலும் உள்ளே நசுங்காது.

மரையில் கசிந்தால்

அளவுச் சிக்கல் இங்கேயும் உண்டு. அமெரிக்க கிட்டின் மரை என்பிடி (NPT) என்ற அமெரிக்க அளவு; நம் கடைகளில் அதிகம் கிடைப்பது பிஎஸ்பி (BSP) என்ற பிரிட்டிஷ் அளவு. 1/8 என்பிடியில் அங்குலத்துக்கு 27 மரை, 1/8 பிஎஸ்பியில் 28. கால் அங்குலத்தில் 18-ம் 19-ம். மரையின் கோணமும் ஒன்றல்ல: ஒன்று 60 டிகிரி, மற்றது 55. இரண்டையும் கலந்து மாட்டினால் சில சுற்று அழகாக ஏறும், பிறகு இறுகும், இறுகிவிட்டது என்று நம்பி விட்டுவிடுவோம். உண்மையில் மரைகள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு நிற்கின்றன. எவ்வளவு டேப் சுற்றினாலும் அந்த இடைவெளி அடையாது. கையால் நான்கைந்து சுற்று தடையில்லாமல் போகிறதா என்பதும், மரை கேஜும்தான் சாட்சி.

மரை சரியானது என்றால் வேலை சுலபம். பழைய டேப்பை இரண்டு பக்கத்திலிருந்தும் ஊசியால் முழுக்கச் சுரண்டி எடுங்கள். புது டெஃப்லான் டேப்பை, மரை முனை உங்களைப் பார்க்கும்படி பிடித்து, கடிகாரச் சுற்றில் இரண்டு மூன்று சுற்று இழுத்துச் சுற்றுங்கள். முனையில் ஒன்றிரண்டு மரையை வெறுமையாக விடுங்கள். இதில் சோம்பல் கூடாது. முனை வரை சுற்றிய டேப் உள்ளே நார்நாராகக் கிழிந்து, காற்றோடு போய் சோலனாய்டு வால்வில் உட்காரும். வால்வு முழுதாக மூடாது. ஒரு கசிவை அடைக்கப் போய் அதைவிடத் தேடக் கடினமான இன்னொன்றை உண்டாக்கியிருப்பீர்கள். அதனாலேயே அனுபவசாலிகள் பலர் டேப்பை விட்டுவிட்டு லாக்டைட் 545 போன்ற திரவ சீலன்ட் பூசுகிறார்கள். அதையும் முதல் மரையை விட்டுவிட்டே பூச வேண்டும், பாட்டிலில் சொன்ன நேரம் காயவிட்ட பிறகே காற்று அடிக்க வேண்டும். மரையில் ஏற்கெனவே வெள்ளையாகவோ சிவப்பாகவோ சீலன்ட் பூசி வரும் புது ஃபிட்டிங்குக்கு டேப் வேண்டியதில்லை.

கையால் இறுகும் வரை திருகி, பிறகு ஸ்பேனரில் ஒன்றரை சுற்று, தேவையென்றால் இரண்டு. எல்போ ஃபிட்டிங் வேண்டிய திசைக்கு வரவில்லை என்றால் முன்னோக்கியே திருகிக் கொண்டுவாருங்கள். பின்னோக்கித் திருப்பிய நொடியில் சீல் விட்டது. கழற்றி மறுபடி டேப் சுற்ற வேண்டும். அலுமினிய பிளாக்கில் நீள ஸ்பேனர் வேண்டாம்.

நேர் மரையும் ஓ-ரிங்கும் உள்ள இணைப்பு வேறு ரகம். ஹோண்டா கோல்ட் விங்கின் ஜிஎல்1100, ஜிஎல்1200 காலத்து வண்டிகளில் காற்றுக் குழாய் இணைப்புகள் ஓ-ரிங்கை நம்பியவை. நாற்பது வருட ஓ-ரிங் கல்லாகி, தட்டையாகிப் போயிருக்கும். அங்கே டேப் சுற்றுவது வீண். டேப் ஓ-ரிங்கைச் சரியாக உட்காரவும் விடாது. அதே உள்விட்டம், அதே தடிமனில் நைட்ரைல் ஓ-ரிங் வாங்கி, துளி சிலிகான் கிரீஸ் தடவிப் போடுங்கள். ஒன்று போயிருந்தால் எல்லாவற்றுக்கும் அதே வயது என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஃபிட்டிங் எல்லாம் சரி, இன்னும் இறங்குகிறது

அப்படியென்றால் காற்று உள்ளுக்குள்ளேயே வழி கண்டிருக்கிறது. காற்றை வெளியே விடும் சோலனாய்டின் வாயில் ஒரு துண்டு டியூபை மாட்டி, மறுமுனையை ஒரு டம்ளர் தண்ணீரில் விடுங்கள். ஸ்விட்சைத் தொடாமலே குமிழ் வந்தால் வால்வு மூடவில்லை. சில முறை வேகமாகத் திறந்து மூடினால் தூசி பறந்து போகலாம். போகாவிட்டால் பிரித்து, டேப் நார், உலோகத்தூள், துரு இருக்கிறதா என்று பார்த்துத் துடையுங்கள். குமிழ் இல்லையென்றால் அடுத்தது கம்ப்ரசர் பக்கத்து ஒருவழி வால்வு. கம்ப்ரசரிலிருந்து வரும் குழாயைக் கழற்றி, அந்த வால்வின் வாயில் சோப்புத் தண்ணீர் விடுங்கள். கம்ப்ரசர் தலை சுடும் என்பதால் இந்த வால்வின் ரப்பர்தான் சீக்கிரம் கெடும்.

டியூப் போகும் வழி

ஃபிட்டிங்கை விட்டு வெளியே வந்ததும் டியூப் குறைந்தது 25 மி.மீ. நேராகப் போக வேண்டும். அதன் பிறகுதான் வளைவு. வந்ததுமே வளைந்தால் ஓ-ரிங்கின் ஒரு பக்கம் எப்போதும் அழுந்தி, எதிர்ப்பக்கம் வாய் திறக்கும். இடமில்லை என்றால் நேர் ஃபிட்டிங்கை எடுத்துவிட்டு எல்போ போடுங்கள். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மை முழுக்க மேலேயும் கீழேயும் நகர்த்தி, இரண்டு கோடியிலும் டியூப் இழுபடவில்லை, செயினிலோ பெல்டிலோ டயரிலோ உரசவில்லை என்று கண்ணால் பாருங்கள். சைலன்ஸர் பக்கம் போகவே கூடாது. டியூபைக் கட்டும்போது பிளாஸ்டிக் டையை நெரித்துவிடாதீர்கள். அதிர்வில் அது கத்திபோல் வெட்டும். ரப்பர் வைத்த கிளிப் நல்லது.

எல்லாம் மாட்டியதும் காற்று அடித்து, சோப்புத் தண்ணீரால் ஒரு முறை, நாள் முழுக்க நிறுத்திவைத்து ஒரு முறை, சற்று தூரம் ஓட்டிவந்து சூட்டோடு சோப்புத் தண்ணீரால் இன்னொரு முறை பாருங்கள். பிறகு சோப்பை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

வழியில் கசிந்துவிட்டால்: ஹார்லி ஷாக்கில் ஸ்பிரிங் இருப்பதால், காற்றே இல்லாமலும் சுமையைக் குறைத்து மெதுவாக வீடு சேரலாம். கிட் வண்டியை அப்படி ஓட்டக் கூடாது. டயர் மட்கார்டில் உரசும். நீண்ட பயணத்துக்கு ஒரு முழ டியூப், இரண்டு நேர் இணைப்பு, ஒரு டி, வால்வு பின் இரண்டு, டியூபில் செருகும் வகையில் டயர் வால்வு பொருத்திய இணைப்பு ஒன்று, கை பம்ப் ஆகியவற்றை சைடு பாக்ஸில் போட்டு வையுங்கள். கசிவது வால்வு பிளாக் என்றால், இரண்டு ஷாக் டியூபையும் அதிலிருந்து எடுத்து டியில் செருகி, மூன்றாவது வாயில் அந்த டயர் வால்வு இணைப்பை மாட்டுங்கள். கம்ப்ரசரும் சோலனாய்டும் இல்லாமலே, பம்பில் அடித்த காற்றோடு வண்டி ஊர் வந்து சேரும்.